வெளியே வராத காரில் பிறந்த ஸ்ட்ரட்

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஏதாவது ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்விஃப்ட் மாதிரி ஒரு கார் லிஃப்ட்ல நின்னா, அடியில கொஞ்சம் எட்டிப் பாருங்க. முன் சக்கரத்துல ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே யூனிட்டா இருக்கும். பின்னாடி ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. முன்னாடி இருக்கிறதுதான் நாம எக்ஸாம்ல படம் போட்டு மார்க் வாங்கின மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். அந்த மெக்ஃபர்சன் யாருன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

எர்ல் ஸ்டீல் மெக்ஃபர்சன் 1891-ல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் பிறந்தார். 1915-ல் இலினாய் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் முடித்து, டெட்ராய்ட் போய் கார் கம்பெனியில் சேர்ந்தார். முதல் உலகப்போரில் ராணுவத்துக்காக ஐரோப்பாவில் விமான இன்ஜின் வேலை. திரும்பி வந்து லிபர்ட்டி, ஹப்மொபைல்னு ரெண்டு கம்பெனி மாறினார். 1934-ல் ஜெனரல் மோட்டார்ஸ்.

1945-ல் அவருக்குப் பெரிய வாய்ப்பு வந்தது. செவ்ரோலேயின் சின்ன கார் ப்ராஜெக்டுக்கு அவர்தான் தலைவர். பேரு கேடட். விலை 1,000 டாலருக்குள்ள, எடை சுமார் 1,000 கிலோ. பார்ட்ஸைக் குறைச்சாத்தான் ரெண்டும் நடக்கும். ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் ஒண்ணா வச்சு, அந்த யூனிட்டையே சக்கரத்தைத் தாங்குற தூணாக்கினார். மேல்பக்க ஆர்ம் தேவையில்லாமல் போச்சு. நாலு சக்கரத்துக்கும் இதே அமைப்பு.

1947-ல் கம்பெனி ப்ராஜெக்ட்டை ரத்து பண்ணிடுச்சு. அந்த விலையில லாபம் வராதுன்னு கணக்கு. ரெண்டு வருஷ உழைப்பு அப்படியே நின்னது. அதே வருஷம் மெக்ஃபர்சன் போட்டிக் கம்பெனியான ஃபோர்டுக்குப் போயிட்டார். ஐடியாவும் கூடவே போச்சு. 1950-ல் லண்டன் மோட்டார் ஷோவில் ஃபோர்டு கான்சல், ஜெஃபிர் கார்கள் இந்த ஸ்ட்ரட்டோட வந்து நின்னுச்சு. 1952-ல் அவர் ஃபோர்டின் இன்ஜினியரிங் துணைத் தலைவர். 1958-ல் ஓய்வு, 1960-ல் மரணம். கேடட் கடைசிவரை விற்பனைக்கு வரவே இல்ல.

இப்போ நம்ம விஷயத்துக்கு வருவோம். சேத்து வச்ச காசுல காருக்கு காயில்ஓவர் போடலாமா, இல்ல ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனியா வாங்கலாமான்னு யோசிக்கிறீங்களா? ஒண்ணா இருந்தாத்தான் ஸ்போர்ட்ஸ் கார்னு நினைக்காதீங்க. மெக்ஃபர்சன் ரெண்டையும் சேர்த்தது வேகத்துக்காக இல்ல, விலைக்கும் இடத்துக்கும்தான். வளைவுல கார் சாயும்போது டயரை ரோட்டுக்கு நேரா வைக்கிறதுல டபுள் விஷ்போன் இதைவிட மேல். 1964-ல் விற்பனைக்கு வந்த போர்ஷே 911-ஐப் பாருங்க. முன்னாடி மெக்ஃபர்சன் வகை ஸ்ட்ரட், ஆனா ஸ்பிரிங் வேலையைப் பார்த்தது தனியா இருந்த டார்ஷன் பார். காயில் ஸ்பிரிங் வந்தது 1989-ல், 964 மாடல்லதான். அதுவரைக்கும் 911-ஐ யாரும் ஸ்போர்ட்ஸ் கார் இல்லன்னு சொல்லல.

காயில்ஓவரோட உண்மையான லாபம், மரை சுத்தி உயரத்தை மாத்தலாம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் எவ்வளவு எடைன்னு சரி பண்ணலாம். இருங்காட்டுக்கோட்டை டிராக்குல ஓட்டப் போறீங்கன்னா அது தேவை. ஆனா தினமும் ராஜபாளையம் டு ஸ்ரீவில்லிபுத்தூர்தான்னா, காரை இறக்க இறக்க சஸ்பென்ஷன் அசையுற தூரம் குறையும். அடுத்த ஸ்பீட் பிரேக்கர்ல பம்ப் ஸ்டாப்பில் போய் டம்முனு இடிக்கும். அதுக்கு நல்ல ஸ்பிரிங்கும் அதுக்குப் பொருத்தமான ஷாக்கும் போதும். இதில் பொருத்தம்தான் முக்கியம். ஸ்பிரிங்கை மட்டும் கடினமாக்கி பழைய ஷாக்கையே விட்டா, ஒரு குழிக்கு ரெண்டு மூணு தடவை ஆடும்.

கார் எதுக்குன்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் பார்ட்டைத் தேடுங்க. மெக்ஃபர்சன் அந்த வரிசையிலதான் போனார். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பாதியில நின்னு போனவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன்: டிராயிங்கைத் தூக்கிப் போட்டுடாதீங்க.