மேலிருந்து பார்த்த பிஷாரடி

ஹற்றனுக்கு அருகே ஒரு தோட்டத்தில், லயத்துக்குப் பின்னாலிருக்கும் மலைச்சரிவில் வெடிப்பு விழுந்திருந்தது. செய்தி சேகரிக்கப் போன நான், இலவசமாகக் கிடைக்கும் செய்மதிப் படமொன்றைக் கைத்தொலைபேசியில் திறந்து அங்கிருந்த அக்காவிடம் காட்டினேன். அவர் தன் வீட்டைத் தேடினார். கிடைக்கவில்லை. சென்டினல்-2 செய்மதி எடுத்த அந்தப் படத்தின் ஒரு புள்ளி, தரையில் 10 மீற்றருக்கு 10 மீற்றர். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராக்களில் ஏறத்தாழ ஒன்பது அந்த ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். கை நுழையும் அளவு வெடிப்பு அதில் எப்படித் தெரியும்?

திரும்பும் வழியில் பிஷாரத்து ராம பிஷாரடியை நினைத்துக்கொண்டேன். இந்தியாவின் தொலையுணர்வுத் துறையின் தந்தை என்று அழைக்கப்படுபவர்.

1909 இல் கேரளத்தின் கொல்லங்கோட்டில் பிறந்தார். சென்னையில் கல்லூரி விரிவுரையாளராக இருந்த காலத்தில், கோடை விடுமுறைகளில் பெங்களூர் சென்று சி.வி. இராமனிடம் ஆய்வு செய்தார். 1942 இல் வானிலைத் திணைக்களத்தில் சேர்ந்தார். பின்னர் கலிபோர்னியாவில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1962 இல் பூனாவில் தொடங்கப்பட்ட வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநரும் அவரே. 1967 இல் விக்ரம் சாராபாயோடு அகமதாபாத்தில் இணைந்தபோது அவருக்கு வயது 58. பலர் ஓய்வை எண்ணும் வயதில் அவர் புதிய துறையொன்றைத் தொடங்கினார்.

1970 ஐ ஒட்டிய காலத்தில் கேரளத்தின் தென்னைகளை வாடல் நோய் தின்றுகொண்டிருந்தது. பிஷாரடியின் குழு ஹெலிகொப்டரில் ஏறி, அகச்சிவப்பு வண்ணப் படச்சுருளில் தோப்புகளைப் படம்பிடித்தது. நலமான இலை அகச்சிவப்புக் கதிரை அதிகம் தெறிக்கச் செய்யும். படத்தில் நல்ல சிவப்பாகத் தெரியும். நோயுற்ற மரத்தின் நிறம் மாறும். அந்த நிற மாற்றத்தைத் தரையிலுள்ள மரங்களோடு ஒப்பிட்ட பிறகே அது தகவலானது. இந்தியத் தொலையுணர்வின் கதை இந்தத் தென்னைகளிலிருந்துதான் தொடங்குகிறது.

1988 இல் இந்தியா ஐ.ஆர்.எஸ்-1ஏ செய்மதியை ஏவியபோது, அதன் கமெராக்களின் ஒரு புள்ளி 72.5 மீற்றரும் 36.25 மீற்றரும். காடு, நீர்நிலை, பயிர்ப் பரப்பு ஆகியவற்றை அளக்க அது போதும். ஒரு லயத்தை அறிய அது போதாது. படத்தின் தரம் என்பது அதன் அழகல்ல. நாம் கேட்கும் கேள்விக்கு அதனால் பதில் சொல்ல முடியுமா என்பதே. பிஷாரடி 2002 இல் காலமானார்.

நம்மவர்களுக்கு இது பாடப்புத்தக விடயமல்ல. 2009 இல் வன்னிக்குள் செய்தியாளர்கள் போக முடியாதிருந்தபோது, ஐ.நா.வின் யூனோசாட் செய்மதிப் படங்களை ஆராய்ந்தது. அழிந்த கட்டடங்களை வானிலிருந்து எண்ணலாம். கூடாரத்துக்குள் இருந்தவர் யாரென்று எந்தப் படமும் சொல்லாது. அதற்குச் சாட்சிகள் வேண்டும்.

அதனால் இப்போது எந்தச் செய்மதிப் படத்தைப் பார்த்தாலும் நான்கு கேள்விகள் கேட்கிறேன். எந்தத் திகதியில் எடுத்தது? முகில் எவ்வளவு மறைக்கிறது? ஒரு புள்ளி எத்தனை மீற்றர்? தரையில் யார் சரிபார்த்தார்கள்? தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், மலை சரியக்கூடிய அந்த நாட்களிலேயே, ஹற்றன் பக்கப் படங்கள் பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும்.

படத்தில் தெரியாததால் ஆபத்து இல்லையென்று ஆகிவிடாது. மறுநாள் திரும்பிப் போனேன். அக்காவும் நானும் நாடா பிடித்து வெடிப்பை அளந்து, திகதி போட்டு எழுதினோம். கிராம உத்தியோகத்தருக்கும், மண்சரிவு ஆபத்தை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அனுப்ப அந்தத் தாள் போதும். அடுத்த மழைக்குப் பிறகு மீண்டும் அளப்பதாக அக்கா சொன்னார்.