அஜந்தா ஓவியங்களைக் காத்த அறிஞர்

மகாராட்டிரத்தில், வாகோரா ஆறு வளைந்தோடும் பள்ளத்தாக்கில் அஜந்தா குகைகள் அமைந்துள்ளன. பழங்கால ஓவியர்கள் பாறைச் சுவரின்மேல் மண்ணும் உமியும் நாரும் கலந்த சாந்தைப் பூசி, புத்தரின் வரலாற்றையும் சாதகக் கதைகளையும் அதில் தீட்டினர்.

நெடுங்காலம் மறந்து கிடந்த இக்குகைகளை 1819ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கண்டனர். அதுவரை மழைநீர்க் கசிவும் பூச்சிகளும் வௌவால்களும் ஓவியங்களைச் சிதைத்து வந்தன. அதன்பின் மனிதரும் சிதைத்தனர். காண வந்தோர் சிலர் சுவரில் தம் பெயரைக் கீறினர். சிலர் ஓவியத் துண்டுகளைப் பெயர்த்துச் சென்றனர். ஓவியங்களைப் பார்த்து வரைந்த படிகளேனும் தப்பினவா? இராபர்ட் கில் வரைந்தவற்றுள் பெரும்பாலானவை 1866இல் இலண்டன் தீயில் எரிந்தன. ஜான் கிரிஃபித்ஸ் குழுவினர் வரைந்தவற்றுள் பல 1885இல் அந்நகரிலேயே தீக்கிரையாயின. எனவே, மூல ஓவியங்களைக் காப்பதே இன்றியமையாததாயிற்று.

அதே 1885ஆம் ஆண்டில் தில்லியில் பிறந்தவர் குலாம் யஸ்தானி. அரபு, பாரசீக மொழிகளில் வல்ல அவர், 1914இல் ஐதராபாத் அரசின் தொல்லியல் துறைப் பொறுப்பை ஏற்றார். அஜந்தா அக்காலத்தில் நிசாமின் ஆட்சிக்குள் இருந்தது. பிற சமயத்தார் படைத்த அவ்வோவியங்களை யஸ்தானி தம்முடையனவாகவே போற்றினார்.

1920இல் செக்கோனி, ஒர்சினி என்னும் இத்தாலிய வல்லுநர் இருவர் வரவழைக்கப்பட்டனர். உதிரும் நிலையில் இருந்த சாந்தினை அவர்கள் பாறையோடு மீண்டும் பற்றச் செய்தனர். ஆயினும், பாதுகாப்புக்காகப் பூசிய அரக்கு மெருகு நாளடைவில் மஞ்சளாகி வண்ணங்களை மறைத்தது. அதை அகற்றும் பணி பிற்கால வேதியியல் அறிஞர்களைச் சேர்ந்தது. ஓவியத்தின்மேல் எதைப் பூசினாலும், பின்னர்த் தீங்கின்றி அகற்றக்கூடியதாக அஃது இருத்தல் வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

ஓவியங்களை ஒளிப்படமாகப் பதிவு செய்யவும் யஸ்தானி முனைந்தார். வண்ணப் படங்களுடன் கூடிய அவருடைய அஜந்தா நூல், 1930 முதல் 1955 வரை நான்கு பகுதிகளாக வெளிவந்தது. இந்திய அரசு 1959இல் அவருக்குப் பத்ம பூஷண் விருது வழங்கியது. 1962இல் அவர் மறைந்தார்.

மாணவர்களே, பழைய சுவரோவியத்தைக் காணும்போது அதனைத் தொடாதீர், பெயர் கீறாதீர். ஒரு விரல் உதிர்க்கும் வண்ணத்தை எந்த வல்லுநராலும் மீட்டுத் தர இயலாது.