தோற்றவருக்கும் ஒரு நாற்காலி

காமராஜர் என்றதும் நம் நாட்டுத் தமிழ் மாணவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது பள்ளிக்கூடமும் மதிய உணவும்தான். தமிழ்ப்பள்ளியில் பேச்சுப் போட்டிக்காக அவருடைய வாழ்க்கையை மனப்பாடம் செய்தவர்கள் நம்மில் ஏராளம். நானும் செய்திருக்கிறேன். அந்தப் பேச்சுகளில் 1954ஆம் ஆண்டு ஒரே வரியில் கடந்துவிடும்: அவர் முதலமைச்சர் ஆனார். யாரோடு போட்டியிட்டு ஆனார், தோற்றவரை அதன் பிறகு என்ன செய்தார் என்பதைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பின்னர், ரவாங்கிலிருந்து கோமுட்டர் ரயிலில் போய்வரும் நேரத்தில்தான் படித்தேன். மதிய உணவுத் திட்டத்தைப் போலவே இதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குப் பட்டது.

காரணம் இருக்கிறது. நான் வளர்ந்த ரவாங்கில் பொதுத் தேர்தல் வந்தால் ஒரே தாமானில், சில நேரம் ஒரே வீட்டு வேலியில்கூட, இரண்டு கட்சிகளின் கொடிகள் பறக்கும். தேர்தல் முடிந்ததும் கொடிகளை இறக்கிவிடுவார்கள். ஆனால் முறிந்த பேச்சு மட்டும் எளிதில் ஒட்டுவதில்லை. என் மாமாக்கள் இருவர் 2018 பொதுத் தேர்தலுக்குப் பிறகு உறவினர் திருமணங்களில் ஒரே மேசையில் உட்கார்ந்ததில்லை. இத்தனைக்கும் இருவருமே எந்தத் தேர்தலிலும் வேட்பாளராக நின்றவர்கள் அல்லர்.

காமராஜர் 15 ஜூலை 1903 அன்று விருதுப்பட்டியில் பிறந்தார். இன்று அந்த ஊரின் பெயர் விருதுநகர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. கடையில் வேலை பார்த்துக்கொண்டே அரசியல் கூட்டங்களைக் கேட்கப் போனவர், பதின்ம வயதிலேயே காங்கிரஸ் தொண்டரானார். 1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு சிறை சென்றார். வாழ்நாளில் பல முறை கைதாகி, மொத்தத்தில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிறையில் இருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. கட்சிதான் அவருக்குக் குடும்பம்.

அந்தக் குடும்பத்தில் பிளவு இருந்தது. தமிழ்நாட்டுக் காங்கிரசில் ஒரு பக்கம் சத்தியமூர்த்தி, மறுபக்கம் ராஜாஜி. இருவரும் விடுதலையைத்தான் விரும்பினார்கள். ஆனால் கட்சியை யார் நடத்துவது என்பதில் இரண்டு அணிகள் உருவாயின. காமராஜர் சத்தியமூர்த்தியின் சீடர். 1936இல் சத்தியமூர்த்தி மாநிலக் காங்கிரஸ் தலைவரானபோது காமராஜரைச் செயலாளர் ஆக்கினார். 1940இல் நிலைமை தலைகீழானது. தலைவர் பதவிக்குக் காமராஜரே போட்டியிட்டு, ராஜாஜி அணியின் வேட்பாளர் சி.பி.சுப்பையாவை மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இம்முறை குருவான சத்தியமூர்த்தி செயலாளராகி, சீடரின் தலைமையின் கீழ் பணியாற்றினார். வயதிலும் புகழிலும் மூத்த ஒருவர் அப்படி இறங்கி வந்ததைக் காமராஜர் பக்கத்தில் இருந்து பார்த்தார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, காமராஜர் கோபமே இல்லாதவர் என்று எண்ணிவிட வேண்டாம். 1942இல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தை ஏற்காமல் ராஜாஜி காங்கிரசை விட்டு விலகினார். அந்தப் போராட்டத்தில் காமராஜர் உள்ளிட்ட தொண்டர்கள் சிறையில் கிடந்தார்கள். 1945இல் ராஜாஜி கட்சிக்குத் திரும்பி வர முயன்றபோது, சிறையிலிருந்து வெளிவந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. 1946 தொடக்கத்தில் காந்தியடிகள் தமது ஹரிஜன் இதழில் ராஜாஜிக்கு ஆதரவாக எழுதினார். ராஜாஜியை எதிர்ப்பவர்கள் ஒரு சிறு கும்பல் என்ற பொருள் அந்த எழுத்தில் இருந்தது. தம் வாழ்க்கையையே யாருக்காக ஒப்படைத்தாரோ, அவரே அப்படி எழுதியது காமராஜரைப் புண்படுத்தியது. கட்சியின் சட்டமன்றக் குழுவிலிருந்து அவர் விலகினார். ஆனால் கட்சியை விட்டு விலகவில்லை.

அடுத்த எட்டு ஆண்டுகளில் காற்று திசை மாறியது. 1952 பொதுத் தேர்தலில் சென்னை மாநிலத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152தான். தனிப் பெரும்பான்மை இல்லாத அந்த நிலையில் ராஜாஜி முதலமைச்சராகி ஆட்சி அமைத்தார். 1953இல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டப்படி, கிராமப் பள்ளி மாணவர்கள் பாதி நேரம் வகுப்பிலும் மீதி நேரம் தம் பெற்றோரின் தொழிலைக் கற்பதிலும் செலவிட வேண்டும். எதிர்ப்பாளர்கள் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்தார்கள். பெரியாரின் திராவிடர் கழகமும் அண்ணாவின் திராவிட முன்னேற்றக் கழகமும் போராடின. காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வலுத்தது. 1954 மார்ச்சில் ராஜாஜி பதவி விலக முடிவு செய்தார்.

அடுத்த தலைவர் யார் என்று காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். ராஜாஜி தம் அமைச்சரவையில் இருந்த சி.சுப்பிரமணியத்தை நிறுத்தினார். அவருடைய பெயரை முன்மொழிந்தவர் எம்.பக்தவத்சலம். எதிரே காமராஜர். வாக்குகளை எண்ணியபோது காமராஜருக்கு 93, சுப்பிரமணியத்துக்கு 41.

பதினான்கு ஆண்டுகளாக நீடித்த அணிப் பூசலில் ஒரு பக்கம் முழுமையாக வென்றுவிட்டது. இனி அந்த 41 பேரையும் ஓரங்கட்டினால் கேட்க ஆளில்லை. ஆனால் 13 ஏப்ரல் 1954 அன்று பொறுப்பேற்ற எட்டுப் பேர் கொண்ட சிறிய அமைச்சரவையில் சுப்பிரமணியத்தின் பெயர் இருந்தது. அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தின் பெயரும் இருந்தது. 1952 தேர்தலில் காங்கிரசை எதிர்த்து நின்ற வேறு கட்சிகளைச் சேர்ந்த மாணிக்கவேலு நாயக்கருக்கும் ராமசாமி படையாட்சிக்கும்கூட இடம் கிடைத்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, தோற்றவருக்கு எந்த நாற்காலி தரப்பட்டது என்பதை. பெயருக்கு ஒரு பதவியைக் கொடுத்து மூலையில் உட்கார வைக்கவில்லை. சுப்பிரமணியத்துக்குக் கிடைத்தவை நிதியும் கல்வியும். எந்தக் கல்வித் திட்டத்தால் ஓர் ஆட்சியே கவிழ்ந்ததோ, அந்தத் துறையைக் காமராஜர் தம்மை எதிர்த்து நின்றவரின் கையிலேயே ஒப்படைத்தார். அதே நேரத்தில் கொள்கையில் விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த மாதமே குலக்கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. அதை அறிவித்தவர் கல்வி அமைச்சர் சுப்பிரமணியம். 1956இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோதும் கல்வித் துறை அவரிடம்தான் இருந்தது. நம் பேச்சுப் போட்டிகளில் நாம் போற்றும் அந்தத் திட்டத்தில் தோற்றவரின் உழைப்பும் கலந்திருக்கிறது.

இது வெறும் அரசியல் கணக்குதானே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தேர்தலில் பெரும்பான்மை பெறாத ஒரு கட்சி, தன் உறுப்பினர்கள் 41 பேரைப் பகைத்துக்கொண்டு எப்படி ஆட்சி நடத்தும்? கணக்கு நிச்சயம் இருந்திருக்கும். ஆனால் கணக்கு மட்டும் என்றால் ஆபத்து நீங்கியதும் அந்த உறவும் முடிந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. 1957 தேர்தலில் ராஜாஜியின் ஆதரவாளர்கள் பலர் காங்கிரசிலிருந்து பிரிந்து தனியாகப் போட்டியிட்டார்கள். சுப்பிரமணியமும் பக்தவத்சலமும் அவர்களோடு போகவில்லை. காமராஜரின் இரண்டாவது அமைச்சரவையிலும் இருவரும் அமைச்சர்களாக இருந்தார்கள். பின்னர் மத்திய அரசுக்குச் சென்ற சுப்பிரமணியம், இந்தியாவின் பசுமைப் புரட்சிக்கு வழி வகுத்த உணவு அமைச்சராகப் பெயர் பெற்றார்.

1963இல், மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்ற திட்டத்தைக் காமராஜர் நேருவிடம் முன்வைத்தார். பிறருக்குச் சொன்னதைத் தாமே முதலில் செய்தார். அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் பதவியிலிருந்து விலகினார். அவருக்குப் பின் முதலமைச்சர் ஆனவர் பக்தவத்சலம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் காமராஜருக்கு எதிராக இன்னொருவரின் பெயரை முன்மொழிந்த அதே மனிதர்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால் பக்தவத்சலத்தின் ஆட்சியில், 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். உயிர்கள் பலியாயின. அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. 1967 தேர்தலில் காங்கிரஸ் தமிழ்நாட்டில் ஆட்சியை இழந்தது; இன்றுவரை அதைத் திரும்பப் பெறவில்லை. காமராஜரே தம் சொந்த ஊரான விருதுநகரில், பெ.சீனிவாசன் என்ற இளம் மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். பழைய எதிரணியினரிடம் ஆட்சியை ஒப்படைத்ததற்குக் கிடைத்த விலை இது என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தை நான் முழுமையாக ஏற்கவில்லை. ஒருவரை மன்னித்து ஏற்பது வேறு, அவர் பின்னாளில் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் சரியாக இருக்கும் என்று நம்புவது வேறு. ஆயினும் கட்சி விசுவாசம் சில நேரங்களில் உள்ளிருந்து எழ வேண்டிய கேள்விகளை அடக்கிவிடுகிறது என்பதை மறுக்க முடியாது.

எல்லாப் பிளவுகளையும் அவரால் ஒட்ட வைக்கவும் முடியவில்லை. 1966இல் இந்திரா காந்தி பிரதமராகப் பெரும் துணையாக நின்றவர் காமராஜர். 1969இல் காங்கிரஸ் இரண்டாக உடைந்தபோது அவர் எதிரணியில் இருந்தார். கடைசிவரை ஸ்தாபன காங்கிரசிலேயே இருந்துவிட்டார். ஆனால் 1971 தேர்தலில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. காமராஜரும், சுதந்திராக் கட்சியைத் தொடங்கியிருந்த ராஜாஜியும் ஒரே கூட்டணியில் நின்றார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் எதிரெதிரே நின்ற இரு முதியவர்கள். மொத்தம் 234 இடங்களில் தி.மு.க. 184ஐப் பிடித்தது, கூட்டணி படுதோல்வி அடைந்தது. அடுத்த ஆண்டு இறுதியில் ராஜாஜி மறைந்தார். 2 அக்டோபர் 1975 அன்று, காந்தி பிறந்த நாளில், காமராஜர் மறைந்தார்.

நம் நாட்டிலும் இதைப் போன்ற பாடங்கள் உண்டு. 1955 முதல் ம.இ.கா.வை வழிநடத்திய துன் சம்பந்தன், நீண்ட உட்கட்சிப் பூசலுக்குப் பிறகு 1973இல் தலைமையை வெ.மாணிக்கவாசகத்திடம் விட்டுக்கொடுத்தார். போட்டிக் கட்சி தொடங்கவில்லை. தோட்டத் தொழிலாளர்களுக்காக அவர் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் இன்றும் இருக்கிறது. 2022 நவம்பரில் எந்தக் கூட்டணிக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோது, அதுவரை கடுமையாக மோதிக்கொண்ட நம்பிக்கைக் கூட்டணியும் தேசிய முன்னணியும் ஒற்றுமை அரசாங்கத்தில் சேர்ந்து அமர்ந்தன. அது உண்மையான இணக்கமா, வெறும் எண்ணிக்கைக் கணக்கா என்பதில் என் நண்பர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. காமராஜரின் வாழ்க்கையிலிருந்து எனக்குக் கிடைத்த அளவுகோல் எளிமையானது: எதிரணியில் இருந்தவருக்கு உண்மையான பொறுப்பு தரப்பட்டதா? பொதுமக்களுக்கு அதனால் என்ன கிடைத்தது? ஆபத்து நீங்கிய பிறகும் அந்த உறவு நீடித்ததா?

இந்த அளவுகோலை முதலில் நம் சங்கங்களுக்கே வைத்துப் பார்க்கலாம். பல்கலைக்கழக இந்திய மாணவர் அமைப்புகளில் தேர்தல் முடிந்ததும் தோற்ற அணியைப் புலனக் குழுவிலிருந்தே நீக்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பிறகு பொங்கல் விழாவுக்கு ஆள் போதவில்லை என்று வென்றவர்கள் புலம்புவார்கள். கணக்கு எழுதத் தெரிந்தவரும் மேடை அமைக்கத் தெரிந்தவரும் தோற்ற அணியில் இருந்திருப்பார்கள். இப்போது பார்வையாளர்களாகக்கூட வரமாட்டார்கள்.

அடுத்த பொதுத் தேர்தலில் நம்மில் பலர் முதன்முறையாக வாக்களிக்கப் போகிறோம். வாக்குரிமை வயது 18 ஆகிவிட்டதால், இடைநிலைப்பள்ளி முடித்த கையோடு சிலருக்கு அந்த வாய்ப்பு வந்துவிடும். நமக்கென்று ஒரு கட்சி இருப்பதில் தவறில்லை. அதற்காக உழைப்பதிலும் தவறில்லை. காமராஜரைவிடக் கட்சிப் பற்றுள்ளவரைக் காண்பது அரிது. ஆனாலும் 93க்கு 41 என்று வென்ற பிறகு, அந்த 41 பேரும் தம் கட்சிக்காரர்களே என்பதை அவர் மறக்கவில்லை. உங்கள் பள்ளிக் கழகத்திலோ கல்லூரிச் சங்கத்திலோ அடுத்த தேர்தலில் நீங்கள் வென்றால், செயற்குழுப் பட்டியலை எழுதும் முன் எதிர்த்து நின்றவரை ஒருமுறை அழைத்துப் பேசுங்கள். அவருக்கு நன்றாகத் தெரிந்த வேலை ஒன்றை அவரிடமே கொடுங்கள்.