ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித்

ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் (பெப்ரவரி 15, 1817 - மே 12, 1884) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வேதியியலாளர் ஆவார். அமில மழையைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதிய முதல் அறிவியலாளர் என்று இவர் அறியப்படுகிறார். பிரித்தானியாவின் 1863 ஆம் ஆண்டுக் காரத் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்பட்ட முதல் தலைமை ஆய்வாளரும் இவரே. 1864 முதல் தம் இறப்பு வரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் அப்பதவியை வகித்தார். தொழிற்சாலைகளைத் தண்டிப்பதைக் காட்டிலும், அவை சட்டத்துக்கு உட்பட்டு இயங்குவதற்கான வழிகளைக் காட்டுவதே ஆய்வாளரின் முதற்பணி என்ற கொள்கையை இவர் பின்பற்றினார். இக்கொள்கை பிரித்தானியச் சுற்றுச்சூழல் நிருவாகத்தின் அடிப்படைகளுள் ஒன்றாக நிலைபெற்றது. இவர் வாழ்ந்த காலத்திலேயே அது கடுமையான விமர்சனத்துக்கும் உள்ளானது.

இளமையும் கல்வியும்

ஸ்மித் கிளாஸ்கோ நகருக்கு அருகிலுள்ள பொல்லாக்ஷாஸ் என்னும் ஊரில் பிறந்தார். கிறித்தவ மதகுருவாகும் நோக்கத்துடன் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த இவர், பட்டம் பெறும் முன்னரே படிப்பை விட்டு விலகினார். பின்னர் சில குடும்பங்களில் தனிப்பட்ட ஆசிரியராகப் பணியாற்றினார். அப்பணியின் பொருட்டு ஜெர்மனிக்குச் சென்றபோது, கீசன் நகரில் புகழ்பெற்ற வேதியியலாளர் யுஸ்டஸ் ஃபொன் லீபிக்கிடம் பயிலும் வாய்ப்பைப் பெற்றார். 1841 இல் அங்கேயே முனைவர் பட்டம் பெற்றார்.

நாடு திரும்பிய ஸ்மித், 1842 இல் மான்செஸ்டர் நகருக்குச் சென்று லயன் பிளேஃபெயர் என்னும் வேதியியலாளருக்கு உதவியாளரானார். பிளேஃபெயர் நகரங்களின் சுகாதார நிலையை ஆராய்ந்த அரச ஆணைக்குழுவில் ஈடுபட்டிருந்தார். இதனால் தொழில் நகரங்களின் காற்று, நீர், கழிவு ஆகியவற்றை ஆராயும் துறையில் ஸ்மித்துக்கு ஆர்வம் ஏற்பட்டது. பிளேஃபெயர் மான்செஸ்டரை விட்டு நீங்கிய பின்னரும் ஸ்மித் அங்கேயே தங்கி, தனித்து இயங்கும் பகுப்பாய்வு வேதியியலாளராகத் தொழில் நடத்தினார்.

அக்காலத்தில் இத்தகைய வேதியியலாளர்களுக்கு நீதிமன்றத்தில் சாட்சி கூறுவது ஒரு முக்கிய வருவாயாக இருந்தது. ஆலைப் புகையால் பயிர் அழிந்ததாக நில உரிமையாளர் தொடுக்கும் வழக்கில், இரு தரப்பினரும் தத்தமக்குச் சாதகமாகப் பேசும் வேதியியலாளரை அழைத்து வருவது வழக்கம். அறிவியல் இவ்வாறு கட்சி கட்டி நிற்பதை ஸ்மித் விரும்பவில்லை. நீதிமன்றங்களில் அறிவியலின் இடம் குறித்து 1860 இல் ஒரு கட்டுரையும் வெளியிட்டார். பிற்காலத்தில் ஆய்வாளராக இவர் நடந்துகொண்ட முறையைப் புரிந்துகொள்ள இப்பின்னணி உதவும்.

காற்றும் மழையும் பற்றிய ஆய்வுகள்

1852 இல் மான்செஸ்டர் பகுதியின் காற்றையும் மழைநீரையும் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றை ஸ்மித் வெளியிட்டார். நகரத்திலிருந்து விலகிச் செல்லச் செல்ல மழைநீரின் தன்மை மாறுவதை அதில் எடுத்துக்காட்டினார். இவரது முடிவின்படி, தொலைவிலுள்ள வயல்வெளிகளின் மழைநீரில் அமோனியம் கார்பனேட்டும், புறநகர்ப் பகுதிகளில் அமோனியம் சல்பேட்டும், நகரத்தின் உள்ளே கந்தக அமிலமும் காணப்பட்டன. நிலக்கரியில் உள்ள கந்தகம் எரிந்து காற்றில் கலப்பதே இதற்குக் காரணம் என்று இவர் கண்டார்.

இந்த ஆய்வுகளை அவர் தொடர்ந்து விரிவுபடுத்தி, 1872 இல் காற்றையும் மழையையும் பற்றிய பெரிய நூலாக வெளியிட்டார். அமில மழை என்னும் சொற்றொடர் இந்நூலின் வழியாகவே அறிவியலுக்கு வந்ததாகக் கொள்ளப்படுகிறது. அமிலம் கலந்த மழை துணிகளின் நிறத்தை மங்கச் செய்வதையும், உலோகங்களை அரிப்பதையும், கட்டடக் கற்களைச் சிதைப்பதையும், தாவரங்களுக்குக் கேடு விளைவிப்பதையும் ஸ்மித் பதிவு செய்தார்.

காரத் தொழிலும் அதன் சிக்கலும்

19 ஆம் நூற்றாண்டில் சவர்க்காரம், கண்ணாடி, துணி ஆகிய தொழில்களுக்குச் சோடியம் கார்பனேட்டு பெருமளவில் தேவைப்பட்டது. பிரித்தானியாவில் அது லெபிளாங்க் முறையில் தயாரிக்கப்பட்டது. இம்முறையில் முதலில் சாதாரண உப்பு கந்தக அமிலத்துடன் சேர்த்துச் சூடாக்கப்படும். இதனால் சோடியம் சல்பேட்டு உருவாகும். கூடவே ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்படும். பின்னர் சோடியம் சல்பேட்டு சுண்ணாம்புக்கல்லுடனும் நிலக்கரியுடனும் சேர்த்து உலையில் இடப்பட்டுச் சோடாவாக மாற்றப்படும்.

வேதியியல் கணக்கின்படி, ஒரு டன் உப்பு முழுமையாக வினைபுரிந்தால் ஏறத்தாழ 620 கிலோகிராம் ஹைட்ரஜன் குளோரைடு வெளிவரும். தொடக்கத்தில் இவ்வாயு புகைபோக்கி வழியாக அப்படியே வெளியேற்றப்பட்டது. காற்றிலுள்ள ஈரத்துடன் சேர்ந்து அமிலமாக மாறிய இவ்வாயு, சுற்றியிருந்த மரங்களையும் வேலிகளையும் பயிர்களையும் கருகச் செய்தது. லங்காஷயரின் செயின்ட் ஹெலன்ஸ், விட்னஸ் ஆகிய ஊர்களும், டைன் ஆற்றுப் பகுதியும், கிளாஸ்கோ நகரமும் இத்தொழிலின் முக்கிய மையங்களாக இருந்தன.

இதற்குத் தொழில்நுட்பத் தீர்வு முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. 1836 இல் வில்லியம் கோசேஜ் என்பவர், கற்கரி போன்ற பொருட்களை நிரப்பிய கோபுரம் ஒன்றை அமைத்து, மேலிருந்து நீரை வழியவிட்டு அமில வாயுவைக் கரைத்துப் பிடிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். எனினும், கிடைக்கும் அமிலத்துக்கு அப்போது போதிய சந்தை இல்லாததால் பல ஆலைகள் இம்முறையை முழுமையாகப் பின்பற்றவில்லை. பல ஆலைகள் நெருங்கி அமைந்திருந்த இடங்களில், கேடு விளைவித்த ஆலை எது என்று நீதிமன்றத்தில் நிறுவுவதும் கடினமாக இருந்தது.

1863 ஆம் ஆண்டுச் சட்டம்

செயின்ட் ஹெலன்சுக்கு அருகில் பெரும் நிலங்களைக் கொண்டிருந்த டெர்பி பிரபுவின் முயற்சியால், 1862 இல் பிரபுக்கள் அவை இச்சிக்கலை ஆராய ஒரு தெரிவுக்குழுவை அமைத்தது. அதன் பயனாக 1863 இல் காரத் தொழிற்சாலைச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் 1864 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் முக்கிய கூறுகள் வருமாறு:

- ஒவ்வொரு காரத் தொழிற்சாலையும் பதிவு செய்யப்பட வேண்டும்.
- உருவாகும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவில் குறைந்தது 95 விழுக்காட்டை ஆய்வாளர் நிறைவுறும் வகையில் பிடித்து வைக்க வேண்டும்.
- உற்பத்திக்கு இடையூறு இன்றி, முன்னறிவிப்பு இல்லாமல் பகலிலோ இரவிலோ ஆலைக்குள் நுழைய ஆய்வாளருக்கு உரிமை உண்டு.
- முதல் குற்றத்துக்கு 50 பவுண்டு வரையும், மீண்டும் செய்யும் குற்றத்துக்கு 100 பவுண்டு வரையும் தண்டம் விதிக்கலாம்.

எந்தக் கருவியால் வாயுவைப் பிடிக்க வேண்டும் என்பதை இச்சட்டம் கூறவில்லை. அடைய வேண்டிய அளவை மட்டும் விதித்து, அதற்கான வழியை ஆலை உரிமையாளரிடமே விட்டுவிட்டது. உள்ளூர் அதிகாரிகளிடம் அல்லாமல் மைய அரசின் வர்த்தக வாரியத்திடம் இதன் நிருவாகம் ஒப்படைக்கப்பட்டது. 1872 இல் இப்பொறுப்பு உள்ளாட்சி வாரியத்துக்கு மாற்றப்பட்டது.

தலைமை ஆய்வாளராக

தலைமை ஆய்வாளராக நியமிக்கப்பட்ட ஸ்மித்துக்கு உதவியாக நான்கு துணை ஆய்வாளர்கள் இருந்தனர். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய பகுதிகளில் பரந்து கிடந்த 80க்கும் மேற்பட்ட ஆலைகளை இவர்கள் கவனிக்க வேண்டியிருந்தது. 95 விழுக்காடு என்பதை அளப்பதற்கான நடைமுறை அப்போது வகுக்கப்பட்டிருக்கவில்லை. எனவே ஆய்வாளர்களின் முதல் வேலை அளவீட்டு முறைகளை உருவாக்குவதாக அமைந்தது. துணை ஆய்வாளர்களுள் ஒருவரான ஆல்ஃபிரட் எவான்ஸ் ஃபிளெட்சர், புகைவழியில் செல்லும் வாயுவின் வேகத்தை அளக்கும் கருவியையும், மாதிரியைச் சீராக இழுத்தெடுக்கும் கருவியையும் வடிவமைத்தார்.

ஸ்மித் ஆலை உரிமையாளர்களின் நம்பிக்கையைப் பெறுவதில் கவனம் செலுத்தினார். வாயு எங்கே கசிகிறது, கோபுரத்தில் நீர் சீராகப் பரவுகிறதா, உலையில் எந்தக் கட்டத்தில் வாயு மிகுதியாக வருகிறது என்பவற்றை ஆய்வாளர்கள் அளந்து உரிமையாளருக்குத் தெரிவித்தனர். ஓர் ஆலையில் வெற்றி பெற்ற வழிமுறைகள் ஆண்டறிக்கைகளின் மூலம் மற்றவர்களுக்கும் தெரியவந்தன. வழக்குத் தொடுப்பது கடைசி நடவடிக்கையாகவே கருதப்பட்டது. இவரது பதவிக்காலம் முழுவதிலும் தொடுக்கப்பட்ட வழக்குகள் மிகச் சிலவே.

முதல் ஆண்டின் முடிவுகள் வியப்பூட்டுவனவாக இருந்தன. ஸ்மித்தின் முதல் அறிக்கையின்படி, ஆலைகள் சராசரியாக 98.72 விழுக்காடு வாயுவைப் பிடித்து வைத்தன, வெளியேறியது 1.28 விழுக்காடு மட்டுமே. தொடக்கத்தில் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் இயற்றப்பட்டிருந்த சட்டம் 1868 இல் நிலையானதாக்கப்பட்டது. பிடித்து வைத்த அமிலத்திலிருந்து குளோரினைப் பெற்றுச் சலவைத்தூள் தயாரிக்கும் தொழிலும் வளர்ந்தது. வீணாக இருந்த பொருள் வருவாய் தருவதாக மாறியது சட்டத்தைப் பின்பற்ற உரிமையாளர்களுக்கு மேலும் ஊக்கமளித்தது.

சட்டத்தின் குறைபாடுகள்

சில ஆண்டுகளிலேயே இச்சட்டத்தின் குறைபாடுகள் வெளிப்பட்டன.

முதலாவதாக, விழுக்காட்டு அளவு ஒவ்வோர் ஆலையையும் தனித்தனியே கட்டுப்படுத்தியதே தவிர, ஓர் ஊரில் வெளியேறும் மொத்த வாயுவைக் கட்டுப்படுத்தவில்லை. ஆலைகளும் உற்பத்தியும் பெருகியபோது, ஒவ்வோர் ஆலையும் சட்டத்தை மதித்து நடந்தாலும் ஊரின் காற்று மீண்டும் கெட்டது.

இரண்டாவதாக, நிலக்கரிப் புகைக்கும் கந்தக அமில ஆலைகளுக்கும் இச்சட்டம் பொருந்தவில்லை. மழையை அமிலமாக்குவதில் நிலக்கரிக்குள்ள பங்கைத் தம் ஆய்வுகளில் காட்டிய ஸ்மித்துக்கே, ஆய்வாளர் என்ற முறையில் அதன்மீது அதிகாரம் இல்லை.

மூன்றாவதாக, காற்றில் செல்லாமல் தடுக்கப்பட்ட அமிலத்தில் விற்காத பகுதி ஓடைகளிலும் கால்வாய்களிலும் விடப்பட்டது. அது காரக் கழிவுக் குவியல்களிலிருந்து வடிந்த கந்தகச் சேர்மங்களுடன் கலந்தபோது, அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு வாயு உருவாயிற்று.

1874 இல் சட்டம் திருத்தப்பட்டது. புகைபோக்கியில் வெளியேறும் ஒரு கன அடி வாயுவில் ஹைட்ரஜன் குளோரைடு 0.2 கிரெயின் அளவைத் தாண்டக்கூடாது என்று வரையறுக்கப்பட்டது. இது ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 0.46 கிராம் ஆகும். மற்ற நச்சு வாயுக்களைத் தடுக்க, நடைமுறைக்கு உகந்த சிறந்த வழிமுறையை உரிமையாளர் கையாள வேண்டும் என்ற விதியும் சேர்க்கப்பட்டது. 1876 இல் இயற்றப்பட்ட ஆறுகள் மாசடைதல் தடுப்புச் சட்டத்தின் கீழும் ஸ்மித் ஆய்வாளராக நியமிக்கப்பட்டார்.

விமர்சனங்கள்

1876 இல் நச்சு வாயுக்களைப் பற்றி ஆராய அபர்டேர் பிரபுவின் தலைமையில் அரச ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. ஆய்வாளர்கள் ஆலை உரிமையாளர்களிடம் மிகுந்த கனிவு காட்டுகின்றனர் என்ற குறைகூறல் அக்காலத்தில் எழுந்தது. ஆலைகளுக்கு ஆலோசகராக இருப்பவரே அவற்றைக் கண்காணிப்பவராகவும் இருக்க முடியுமா என்பது இதிலடங்கிய அடிப்படைக் கேள்வியாகும்.

ஸ்மித்தின் நிலைப்பாடு வேறாக இருந்தது. நான்கு துணை ஆய்வாளர்களைக் கொண்டு நாடு முழுவதும் நாள்தோறும் காவல் காக்க இயலாது. ஆய்வாளர் இல்லாத நேரத்திலும் ஆலை சரியாக நடக்க வேண்டுமெனில் உரிமையாளரின் ஒத்துழைப்பு இன்றியமையாதது. ஒவ்வொரு தவறுக்கும் வழக்குத் தொடுத்தால் உரிமையாளர்கள் உண்மைகளை மறைக்கத் தொடங்குவர் என்று அவர் கருதினார். மறுபுறம், வயலில் பயிரை இழந்தவருக்கோ ஆலையின் அருகில் குடியிருந்தவருக்கோ இந்த ஒத்துழைப்பில் நேரடி இடம் எதுவும் இருக்கவில்லை. இவ்விரு பக்கங்களையும் பற்றிய விவாதம் வரலாற்றாசிரியர்களிடையே பின்னரும் தொடர்ந்தது.

ஆணைக்குழு 1878 இல் அறிக்கை அளித்தது. அதைத் தொடர்ந்து வந்த 1881 ஆம் ஆண்டுச் சட்டம் கந்தக அமிலம், வேதி உரம் முதலிய பல தொழில்களையும் ஆய்வின் கீழ்க் கொண்டுவந்தது. ஆலைகள் ஆண்டுதோறும் பதிவு செய்து சான்றிதழ் பெறும் முறையும் ஏற்பட்டது. ஆய்வு முறை கைவிடப்படாமல் விரிவாக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.

பிற பணிகள்

ஸ்மித் தொற்றுநீக்கிகள் குறித்தும் ஆராய்ந்தார். அலெக்சாண்டர் மக்டூகல் என்பவருடன் இணைந்து கார்பாலிக் அமிலம் கலந்த தொற்றுநீக்கித் தூள் ஒன்றை உருவாக்கி 1854 இல் காப்புரிமை பெற்றார். 1857 இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மான்செஸ்டர் இலக்கிய, மெய்யியல் கழகத்தின் தலைவராகவும் பணியாற்றினார். அணுக்கொள்கையை முன்வைத்த ஜான் டால்ட்டனின் வாழ்க்கை வரலாற்றை 1856 இல் எழுதி வெளியிட்டார். ஸ்காட்லாந்தின் தொல்கதைகளிலும் பழம்பொருட்களிலும் இவருக்கு ஈடுபாடு இருந்தது.

மறைவும் தாக்கமும்

ஸ்மித் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1884 மே 12 அன்று வேல்ஸிலுள்ள கோல்வின் பே என்னும் ஊரில் காலமானார். அவருக்குப் பின் ஃபிளெட்சர் தலைமை ஆய்வாளரானார். ஸ்மித் தொடங்கிவைத்த ஆய்வுத்துறை பெயரும் அமைப்பும் மாறி ஒரு நூற்றாண்டுக்கு மேல் இயங்கியது. 1987 இல் அது மாசுக் கண்காணிப்புக்கான ஒருங்கிணைந்த துறையில் சேர்க்கப்பட்டது. 1996 இல் அத்துறை இங்கிலாந்து, வேல்ஸ் சுற்றுச்சூழல் முகமையின் ஒரு பகுதியாயிற்று. நடைமுறைக்கு உகந்த சிறந்த வழிமுறை என்னும் கோட்பாடு பிரித்தானியச் சட்டங்களில் நீண்ட காலம் நிலைத்திருந்தது.

ஆனால் மழைநீர் பற்றிய இவரது ஆய்வுகள் பல பத்தாண்டுகள் கவனிக்கப்படாமல் இருந்தன. 1960களின் இறுதியில் சுவீடனைச் சேர்ந்த ஸ்வாந்தே ஓடேன், நாடுகளின் எல்லை கடந்து வரும் அமில மழையைப் பற்றி எச்சரித்த பின்னரே அத்துறை உலகின் கவனத்தைப் பெற்றது. அதன் வரலாற்றைத் தேடிய அறிவியலாளர்கள், ஸ்மித்தின் 1872 ஆம் ஆண்டு நூலை இத்துறையின் தொடக்க நூலாக ஏற்றுக்கொண்டனர்.