சுங்கம் தவிர்த்த சோழன்
முதற் குலோத்துங்கன் அரியணை ஏறிய வரலாறு

விசயாலயன் காலந்தொட்டுச் சோழ அரியணை ஆண்வழி மரபிலேயே நின்று வந்தது. தந்தைக்குப்பின் மைந்தனும் தமையனுக்குப்பின் தம்பியுமாக முடிசூடி வந்தனர். கி.பி. 1070ஆம் ஆண்டில் அம்மரபுச் சங்கிலி அறுந்தது. வேங்கி நாட்டுச் சாளுக்கிய மன்னனின் மகன் ஒருவன் கங்கைகொண்ட சோழபுரத்தில் முடிசூடிச் சோழப் பேரரசன் ஆனான். அவனே முதற் குலோத்துங்கன். அவன் அரியணையைப் பறித்தவனா, வீழவிருந்த அரசைத் தாங்கியவனா என்னும் வினா, ஒன்பது நூற்றாண்டுகள் கடந்தும் வரலாற்றறிஞர்களிடையே ஓயவில்லை.

பிறப்பும் உரிமையும்

குலோத்துங்கனின் இயற்பெயர் இராசேந்திரன். தந்தை கீழைச் சாளுக்கிய மன்னன் இராசராச நரேந்திரன். தாய், கங்கையும் கடாரமும் கொண்ட முதலாம் இராசேந்திர சோழனின் மகள் அம்மங்கைதேவி. பாட்டியாகிய குந்தவையும் முதலாம் இராசராச சோழனின் மகளே. பின்னர் அவன் மணந்த மதுராந்தகியும், அவனுடைய மாமன் இரண்டாம் இராசேந்திரனின் மகளாவாள். தந்தை வழியில் சாளுக்கியனாயினும், அவன் உடலில் ஓடிய குருதியில் பெரும்பகுதி சோழர் குருதியே.

1061ஆம் ஆண்டில் தந்தை மறைந்தபோது வேங்கி அரியணை மைந்தனுக்குக் கிட்டவில்லை. சிற்றப்பன் விசயாதித்தன் அதனைக் கைக்கொண்டான். நாடிழந்த இளவரசன் மனந்தளராது வடதிசைப் போர்க்களங்களில் தன் வாள்வலியைக் காட்டினான். வயிராகரத்தில் யானைகளைக் கவர்ந்ததையும், சக்கரக்கோட்டத்தில் பெற்ற வெற்றியையும் அவனுடைய மெய்க்கீர்த்திகள் பெருமையுடன் பேசுகின்றன.

அரியணைப் போட்டி

1070ஆம் ஆண்டு வாக்கில் வீரராசேந்திர சோழன் மறைந்தான். அவன் மகன் அதிராசேந்திரன் பட்டமேற்றான். வீரராசேந்திரனின் மருமகனும் மேலைச் சாளுக்கிய இளவரசனுமான ஆறாம் விக்கிரமாதித்தன், மைத்துனனுக்குத் துணையாகப் படையுடன் வந்தான். காஞ்சியில் எழுந்த கலகத்தை அடக்கி, கங்கைகொண்ட சோழபுரத்தில் அதிராசேந்திரனை நிலைபெறச் செய்துவிட்டு நாடு திரும்பினான். அவன் சென்ற சின்னாட்களில் அதிராசேந்திரன் மாண்டான். அரியணை குலோத்துங்கன் வசமாயிற்று.

இம்மரணம் எவ்வாறு நேர்ந்தது என்பதில்தான் சான்றுகள் முரண்படுகின்றன. விக்கிரமாதித்தனின் அவைப்புலவர் பில்கணர், மீண்டும் எழுந்த கலகத்தில் அதிராசேந்திரன் கொல்லப்பட்டான் என்றும், வேங்கி வேந்தன் அரியணையைக் கவர்ந்தான் என்றும் எழுதினார். குலோத்துங்கனின் புகழ் பாடிய சயங்கொண்டாரோ, தம் கலிங்கத்துப்பரணியில் அதிராசேந்திரன் பெயரையே குறிப்பிடவில்லை. வீரராசேந்திரனுக்குப்பின் நாட்டில் அறமும் வழிபாடும் நிலைகுலைந்தன என்றும், அபயனாகிய குலோத்துங்கன் வந்து இருளகற்றினான் என்றும் பாடினார். அதிராசேந்திரன் நோயுற்றிருந்தபோது, அவன் நலம்பெற வேண்டிச் சிவாலயத்தில் திருப்பதிகம் ஓத ஏற்பாடு செய்யப்பட்டதைக் கல்வெட்டொன்று தெரிவிக்கின்றது. இதைக் கொண்டு, அவன் நோயால் இறந்தான் எனக் கருதுவாரும் உளர். ஒருவர் பகைவரின் புலவர். மற்றவர் வென்றவரின் புலவர். இருவர் கூற்றையும் அப்படியே ஏற்றல் இயலாது. ஆயினும், அரியணை வெறுமையானபோது அதனை அடையும் ஆற்றலும் ஆயத்தமும் குலோத்துங்கனிடம் இருந்தன என்பது தெளிவு.

முடிசூடியபின்

அரியணையைப் பெறுவதைக் காட்டிலும் அதனைக் காப்பது அரிதாக இருந்தது. விக்கிரமாதித்தன் பகை மூண்டது. அதே வேளையில் ஈழத்தில் விசயபாகு சோழர் ஆட்சியை அகற்றினான். குலோத்துங்கன் அத்தீவை மீட்க ஓயாப் போரில் இறங்காமல், தாய்நாட்டைச் சீர்செய்வதில் கருத்தூன்றினான். தொடக்க ஆண்டுகளில் இராசேந்திரன் என்ற பெயரிலேயே ஆண்டவன், பின்னரே குலோத்துங்கன், அதாவது குலத்தை உயர்த்தியவன், என்னும் பெயரைச் சூடினான். சிற்றப்பன் மறைந்தபின் வேங்கிக்குத் தன் மக்களை அரசப் பிரதிநிதிகளாக அனுப்பினான். முதலில் சென்ற மும்முடிச் சோழன், பெற்றோரடி பணிவதே பேரின்பம் எனக் கருதி ஓராண்டிலேயே திரும்பிவிட்டான் எனச் செப்பேடுகள் கூறுகின்றன.

1086ஆம் ஆண்டில் நாடெங்கும் நிலம் அளக்கப்பட்டது. வணிகரை வருத்திய சுங்க வரியை நீக்கியதால், சுங்கம் தவிர்த்த சோழன் என மக்கள் அவனை வாழ்த்தினர். 1077ஆம் ஆண்டில் எழுபத்திருவர் கொண்ட சோழநாட்டுத் தூதுக்குழு சீனம் சென்றது. 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு சுமத்திராவின் பாருசில் கிடைத்துள்ளது.

கடாரமும் கோயில்களும்

பாட்டன் படையெடுத்த கடாரத்துடன் பேரன் நட்புப் பூண்டான். இன்று மலேசியாவின் கெடா மாநிலமாக விளங்கும் அக்கடாரத்தின் மன்னன் அனுப்பிய தூதர்கள், நாகப்பட்டினத்துப் புத்த விகாரங்களுக்குரிய ஊர்களுக்கு வரிவிலக்கு வேண்டினர். சிவநெறிச் செல்வனாகிய குலோத்துங்கன் 1090ஆம் ஆண்டில் அதனை வழங்கினான். சிறிய லெய்டன் செப்பேடுகள் இச்செய்தியைத் தாங்கியுள்ளன. காம்போச மன்னன் அளித்த அரிய கல்லொன்று தில்லைக் கூத்தபிரான் திருக்கோயிலில் பதிக்கப்பெற்றதை 1114ஆம் ஆண்டுச் சிதம்பரக் கல்வெட்டு அறிவிக்கின்றது. நவக்கிரகத் தலமாகிய சூரியனார் கோயில், குலோத்துங்க சோழ மார்த்தாண்டாலயம் என்று அவன் பெயரால் வழங்கியது. மன்னார்குடித் திருமால் கோயிலும் குலோத்துங்க சோழ விண்ணகரம் எனப் பெயர் பெற்றது.

இறுதிக் காலம் இன்னல் நிறைந்தது. தளபதி கருணாகரத் தொண்டைமானின் கலிங்க வெற்றிக்குப்பின் சில ஆண்டுகளிலேயே, போசள விட்டுணுவர்த்தனனிடம் கங்கபாடி பறிபோயிற்று, வேங்கியும் கைநழுவியது. எனினும், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆண்ட அம்மன்னன் மறைந்தபோது, அவன் மகன் விக்கிரம சோழன் எதிர்ப்பின்றி அரியணை ஏறினான். 1279 வரை சோழர் ஆட்சி நீடித்தது.

குலோத்துங்கன் அரியணை ஏறிய விதத்தில் படிந்த ஐயத்தை அவன் புலவராலும் முற்றத் துடைக்க முடியவில்லை. ஆயினும், வணிகரின் சுமையை இறக்கியதும், அயல்நாட்டார் வேண்டுகோளுக்குச் செவிசாய்த்ததும், பிற சமயத்தார் பள்ளிகளைப் புரந்ததும் கல்லிலும் செம்பிலும் நிலைத்துள்ளன. பதவியை ஒருவர் எவ்வாறு அடைந்தார் என வரலாறு கேட்கத்தான் செய்யும். அடைந்தபின் யாருக்காக அதனைப் பயன்படுத்தினார் என்றும் கேட்கும். முதல் வினாவுக்குக் குலோத்துங்கனிடம் ஐயமற்ற விடையில்லை. இரண்டாம் வினாவுக்குச் சுங்கம் தவிர்த்தவன் என்னும் பெயரே விடையாக நிற்கின்றது.