கைப்படக் கற்ற மேதை ஜி. டி. நாயுடு

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அவ்வுண்மைக்குத் தம் வாழ்வையே சான்றாக்கிச் சென்ற பெருமகன் கோவை தந்த ஜி. டி. நாயுடு. தெலுங்கு நாட்டில் பயிலும் தமிழ் மாணவர்களாகிய நாம் அவரை நினைப்பதில் தனிப்பொருத்தம் ஒன்று உண்டு. அவர் வீட்டு மொழி தெலுங்கு. அவரைத் தம்மவர் என்று கொண்டாடியதோ தமிழகம்!

கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893 மார்ச் 23 அன்று உழவர் குடியில் அவர் பிறந்தார். அதே ஆண்டில்தான் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் என்பார் மிதவையும் தெளிகுழலும் கொண்ட கார்புரேட்டரை ஆக்கினார். அக்கருவிக்கும் இக்குழந்தைக்கும் பின்னாளில் உறவு ஏற்படும் என்று அன்று யார் கண்டார்?

பள்ளிப் படிப்பு நாயுடுவுக்குக் கசந்தது. தொடக்க வகுப்புகளோடு நின்றது. ஆங்கில அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளோ அவர் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. கோவைக்குச் சென்றார், உணவு விடுதியில் பரிமாறினார், சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து அவ்வண்டியையே விலைக்கு வாங்கினார். ஏறி ஓட்டுவதோடு அவர் நிற்கவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்தார், மீண்டும் பூட்டினார். அதுவே அவர் பயின்ற கல்லூரி.

அப்படிப் பிரித்தவர் கையில் கார்புரேட்டர் அகப்படாமலா போயிருக்கும்? அதன் கிண்ணத்தில் பெட்ரோல் ஏற ஏற மிதவையும் ஏறும். உரிய மட்டம் வந்ததும் ஊசியொன்று பெட்ரோல் வரும் துளையை அடைக்கும். அம்மட்டம் தெளிகுழலின் வாய்க்குச் சில மில்லிமீட்டர் தாழ நிற்க வேண்டும். மிக உயர்ந்தால் பெட்ரோல் வழியும், கரும்புகை எழும். மிகத் தாழ்ந்தால் மலையேற்றத்தில் எஞ்சின் திணறும்.

2020-இல் புதிய புகை விதிகள் வந்தபின் புது வண்டிகளில் கார்புரேட்டர் அருகிவிட்டது. எனினும் பழைய வண்டிகள் ஓடுகின்றன; சித்தூர்ப் பட்டறை ஒன்றில் இம்மட்டத்தை அளப்பதை நானே கண்டேன். கிண்ணத்தின் அடியில் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, பக்கவாட்டில் நிமிர்த்திப் பிடித்து, அடித் திருகைத் தளர்த்தினார் மெக்கானிக். உள்ளிருந்த மட்டம் வெளியே தெரிந்தது. மிதவையின் பித்தளை நாக்கை மயிரிழை வளைத்தார்; மீண்டும் அளந்தார். இணைந்த பாத்திரங்களின் விதி! பௌதிக மாணவனாகிய நான் தேர்வுத்தாளில் எழுதிய விதி அங்கே உயிரோடு இயங்கியது.

நாயுடுவின் கை அதன்பின் ஓயவில்லை. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பஸ்ஸைத் தாமே ஓட்டினார். ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் கைகொடுத்தார். ஒன்று பலவாகி யு. எம். எஸ். என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனம் எழுந்தது. 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவோடு கூடி இந்திய மின் மோட்டாரை உருவாக்கினார்.

நம் திருப்பதியிலிருந்து திருமலைக்குச் செல்லும் மோட்டார்ப் பாதையை 1944-இல் திறந்து வைத்தவர் சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப். அவர் பெயரால் 1945-இல் கோவையில் பொறியியற் கல்லூரி எழ வாரி வழங்கியவர் நாயுடு. இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி அதுவே. நீண்ட ஆண்டுப் படிப்பு காலவிரயம், குறுகிய காலத்தில் கைப்பயிற்சியே போதும் என்பது அவர் கொள்கை. அரசினர் இணங்கவில்லை, அவர் விலகினார். 1974 ஜனவரி 4-இல் மறைந்தார்.

அக்கொள்கையை நான் முழுதும் ஏற்கவில்லை. விதி அறியாத கை ஒரு வண்டியைச் செப்பனிடலாம். அடுத்த புதுமையை ஆக்குதல் அரிது. ஆனால் நம் நோய் அதுவன்று. சோதனைச்சாலையில் அளவே எடுக்காமல், மூத்த மாணவர் ஏட்டிலுள்ள எண்களைப் படியெடுக்கும் வழக்கம் நம்மிடையே வளர்கிறது. பட்டறைத் தோழர் அப்படிச் செய்தால் வண்டி மலையேறாது. நாம் செய்தாலோ பட்டம் கிடைத்துவிடுகிறது! இது நாட்டுக்கு நல்லதன்று.

தோழர்களே, ஏடும் கையும் உரிய மட்டத்தில் நிற்கட்டும். அடுத்த அளவையேனும் நம் கண்ணால் கண்டு, நம் கையால் எழுதுவோம். நாயுடுவுக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவே.