ஞானசம்பந்தர் என்னும் பெயரினர் நால்வர்

முன்னோர் திருப்பெயரைப் பின்னோர்க்கு இட்டு வழங்குதல் சைவ நன்மக்கள் குடிகளிலும் திருமடங்களிலும் தொன்றுதொட்டு வரும் மரபாகும். இல்லத்தில் இடும் பெயரும், தீக்கையின்போது ஆசாரியர் அருளும் பெயரும் பெரும்பாலும் அடியார் பெயராகவே அமைகின்றன. அன்புபற்றி எழுந்த இவ்வழக்கம் போற்றத்தக்கதே. ஆயினும், ஒரு பெயர் தாங்கிய பெரியோர் பலராகும்போது, ஒருவர் செய்த நூலை மற்றொருவர்க்கு உரித்தாக்குதலும், ஒருவர் கொள்கையை மற்றொருவர் மேலேற்றுதலும் எளிதில் நிகழ்ந்துவிடுகின்றன. அங்ஙனம் நிகழுமிடத்துக் கெடுவது காலவரையறை மட்டுமன்று. சித்தாந்தத்தின் வழிமுறையே மயங்குகின்றது. இதனை விளக்குதற்கு ஞானசம்பந்தர் என்னும் திருப்பெயரினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை எனக் கருதி, அப்பெயர் பூண்ட பெரியோர் நால்வர் வரலாற்றையும் ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம். நால்வர் என்றவுடன் சமயகுரவர் நால்வரை நினைத்தல் வேண்டா. அவருள் முதல்வராகிய ஒருவரே இங்கும் முதல்வராக நிற்பவர்.

1. ஆளுடைய பிள்ளையார்

சீகாழியில் சிவபாத இருதயர்க்கும் பகவதியார்க்கும் திருமகனாராய்த் தோன்றி, மூன்றாம் ஆண்டில் உமையம்மையார் அளித்த ஞானப்பாலுண்டு, திருப்பதிகம் பாடத் தொடங்கிய திருஞானசம்பந்த மூர்த்தி நாயனார் வரலாறு சேக்கிழார் பெருமானால் விரித்தோதப்பட்டது. நம் அன்பர்க்கு அதனை மீட்டும் உரைத்தல் மிகையாம். கல்வெட்டுக்களில் அவர் ஆளுடைய பிள்ளையார் என்றே குறிக்கப்படுகின்றார். திருமுறைகளுள் முதல் மூன்றும் அவர் அருளியவை. அவர் காலம் கி. பி. 7-ஆம் நூற்றாண்டு என்பது அறிஞர் துணிபு. வாதாபியை அழித்த படைக்குத் தலைமை பூண்டிருந்தவராகிய சிறுத்தொண்ட நாயனாரைத் திருச்செங்காட்டங்குடியில் கண்டு அவரைச் சிறப்பித்துப் பாடியமையும், அவ்வாதாபி வெற்றி கி. பி. 642-இல் நிகழ்ந்தமையும் இத்துணிபிற்கு அடிப்படையாவன. பாண்டி நாட்டில் மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் வேண்ட எழுந்தருளி, நெடுமாற பாண்டியன் வெப்பொழித்து அந்நாட்டைச் சைவ நெறியில் நிறுத்தியருளினார். பதினாறாம் ஆண்டில், வைகாசி மூல நன்னாளில், திருநல்லூர்ப் பெருமணத்தில் தம் திருமணம் காண வந்தார் அனைவரோடும் சிவசோதியிற் கலந்தார்.

பின்வந்தோர் மூவர்க்கும் பெயர் ஊற்றாயினார் இப்பெருமானே. மதுரைத் திருமடத்துத் தலைவர்கள் இன்றும் வழிவழியாக ஞானசம்பந்த தேசிகர் என்னும் பெயரே தாங்கி வருதலும் அவர்பால் வைத்த பத்தியின் பயனாம்.

2. மருதூர் மறைஞான சம்பந்தர்

சந்தான குரவர் நால்வருள் மூன்றாமவர் மறைஞான சம்பந்தர். மெய்கண்ட தேவர்க்கு மாணவர் அருணந்தி சிவாசாரியர். அருணந்தியார்க்கு மாணவர் இவர். இவர்க்கு மாணவர் உமாபதி சிவாசாரியர். இவர் சாமவேதியர் என்பதும், பராசர முனிவர் மரபினர் என்பதும், மருதூர் இவர்க்கு உரிய ஊர் என்பதும் உமாபதி சிவம் தம் சிவப்பிரகாசத்தில் குருவை வாழ்த்துமிடத்துக் குறித்தமையால் பெறப்படுகின்றன. மாணவர் வாக்கே சான்றாதலின் இவற்றில் ஐயம் இல்லை. பெண்ணாகடத்தோடு இயைத்துக் கடந்தை மறைஞான சம்பந்தர் எனவும் இவரை வழங்குவர்.

இவர் தில்லையை அடுத்த திருக்களாஞ்சேரியில் எழுந்தருளியிருந்தார். தில்லை மூவாயிரவருள் ஒருவராகிய உமாபதியார், கூத்தப் பெருமான் பூசை முடித்துச் சிவிகையில் ஏறிப் பகற்போதிலே தீவட்டி முன்செல்ல வந்தனர். அதனைத் தெருவில் நின்று நோக்கிய மறைஞான சம்பந்தர், பட்ட மரத்தின்மேல் ஒரு பகற்குருடு செல்கின்றது என்னும் பொருள்பட ஒரு சொல் மொழிந்தார். பக்குவம் வாய்ந்திருந்த உமாபதியார்க்கு அச்சொல் வசையாகப் படவில்லை. தம் நிலையை உள்ளவாறு காட்டும் உபதேசமாகவே பட்டது. உடனே சிவிகையினின்று இழிந்து பின்தொடர்ந்தார். குருவோ நெசவாளர் தெருவிற் சென்று, பாவிற்கு இடும் கஞ்சியைக் கையேந்தி வாங்கிப் பருகினார். அவர் முழங்கை வழியே ஒழுகிய கஞ்சியை உமாபதியார் அருட்பிரசாதம் எனக் கொண்டு உண்டார். அதுபற்றித் தில்லைவாழந்தணர் அவரை விலக்கவே, கொற்றவன்குடியில் வாழ்ந்து சித்தாந்த அட்டகம் என வழங்கும் நூல்களை அருளினார்.

மறைஞான சம்பந்தர் காலத்தைத் துணிதற்கும் மாணவரே துணை செய்கின்றார். சங்கற்ப நிராகரணம் எழுந்த காலம் சகம் 1235 என அந்நூலே கூறுகின்றது. அது கி. பி. 1313 ஆகும். ஆகவே குருவின் காலம் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியும் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கமும் எனக் கொள்ளுதல் பொருந்தும். இவர் குருபூசை ஆவணி உத்திரத்தில் நிகழ்கின்றது.

ஈண்டு உளங்கொள்ளற்பாலது ஒன்று உண்டு. மெய்கண்ட சாத்திரம் பதினான்கினுள் இவர் செய்தது யாதும் இல்லை. ஏனைச் சந்தான குரவர் மூவரும் நூல் செய்தனர், இவர் நூல் செய்திலர், உமாபதியைச் செய்தனர். வேறு நூல்கள் இவர் பெயரோடு சார்த்தப்படுதற்கும் இவ்வெற்றிடமே இடமாயிற்று.

3. கண்கட்டி மறைஞான சம்பந்தர்

இவர்க்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர், 16-ஆம் நூற்றாண்டில், அதே தில்லையில் அதே பெயரோடு மற்றொரு பெரியார் விளங்கினார். உலகப் பொருள்களைக் காணாமைப் பொருட்டுக் கண்களைத் துணியாற் கட்டியிருந்தமையால் கண்கட்டி மறைஞான சம்பந்தர் எனப் பெயர் பெற்றார் என்பது செவிவழிச் செய்தி. அவர் இருந்த மடமும் கண்கட்டி மடம் எனப்பட்டது. ஊரும் ஒன்று, பெயரும் ஒன்று, இருவரும் சித்தாந்த ஆசிரியர் என்றால் மயக்கம் நேர்தல் வியப்பன்று.

ஆயின் முன்னவர் நூல் செய்யாதவர்; இவரோ நூல் பல செய்தவர். சிவதருமோத்தரம் என்னும் வடமொழி நூலைத் தமிழில் செய்யுளாக்கினார். திருவாரூர்த் தலபுராணமாகிய கமலாலய புராணமும், திருவண்ணாமலைக்கு அருணகிரிப் புராணமும் பாடினார். பதிபசுபாசப் பனுவல், பரமோபதேசம், முத்திநிலை, பரமத திமிர பானு, சகலாகம சாரம் முதலியனவும் இவர் இயற்றியவை. குறள்வெண்பாவாலாகிய சைவசமய நெறி ஆசாரிய இலக்கணம், மாணாக்க இலக்கணம், பொது இலக்கணம் என மூன்று பகுதியுடையது. ஆறுமுக நாவலர் அதற்கு உரை வரைந்து வெளியிட்டமையால் அந்நூல் சைவர் இல்லந்தோறும் பயிலுவதாயிற்று. இவர் மாணவர் மறைஞான தேசிகர், சிவஞான சித்தியார் சுபக்கத்துக்கு உரை கண்டவர். ஆசிரியர் பெயரும் மாணவர் பெயரும் முன்மொழியால் ஒன்றாதலின் இங்கும் விழிப்பு வேண்டும்.

இவர் செய்த நூல்களுள் சங்கற்ப நிராகரணம் என்பதும் ஒன்று. உமாபதி சிவம் செய்த நூற்பெயரும் அதுவே. இரு மறைஞான சம்பந்தரையும் ஒருவர் எனக் கொள்வோர், குரு செய்த நூற்பெயரையே மாணவர் தம் நூலுக்கும் இட்டனர் எனத் துணிய நேரும். உண்மையில் முற்பட்டது உமாபதியார் நூல். இருநூறு ஆண்டிற்குப் பிற்பட்டது இவர் நூல்.

4. தருமை குருஞான சம்பந்தர்

அந்நூற்றாண்டிலேயே திருவில்லிபுத்தூரில் சுப்பிரமணிய பிள்ளைக்கும் மீனாட்சியம்மையார்க்கும் மகனாராய்த் தோன்றியவர் ஞானசம்பந்தர். பெற்றோருடன் மதுரைக்குச் சென்று சொக்கநாதப் பெருமானை வழிபட்டபோது, அத்தலத்தை விட்டு நீங்க மனமின்றி அங்கேயே தங்கினார். பெருமான் கனவில் உணர்த்தியவாறு பொற்றாமரைத் தீர்த்தத்தில் ஒரு சிவலிங்கம் பெற்றார். தருமை ஆதீனத்தில் சொக்கலிங்கப் பெருமான் எனப் பூசிக்கப்படும் மூர்த்தி அதுவேயாம்.

பூசைக்கு மூர்த்தி வாய்த்தும் ஞானத்துக்குக் குரு வாய்க்கவில்லையே என ஏங்கியவர், இறைவன் ஆணைவழித் திருவாரூர் சென்று கமலை ஞானப்பிரகாசரை அடைந்தார். ஞானப்பிரகாசர் அர்த்தயாம வழிபாடு முடித்து மனைக்கு மீளும்போது கைவிளக்கு ஏந்தி முன்செல்லுதல் இவர்க்கு வாய்த்த தொண்டு. ஓரிரவு குருநாதர் வாயிலில் இவரை நிற்குமாறு பணித்து உட்சென்றார். இரவெல்லாம் மழை பெய்தது. இவர் நின்ற இடத்தினின்று பெயர்ந்திலர். கை விளக்கும் அவிந்திலது. விடியலில் வாயில் தெளிக்க வந்த குருபத்தினியார் இதனைக் கண்டு உள்ளே சென்று கூறினார். வெளிப்போந்த ஞானப்பிரகாசர் மாணவரது பக்குவம் முற்றியமை உணர்ந்து, மாயூரத்தை அடுத்த தருமபுரத்தில் இருந்து உயிர்க்கு உறுதி உரைக்குமாறு ஆணையிட்டனுப்பினார். தருமை ஆதீனம் தோன்றிய வரலாறு இதுவாகும். இவரிடம் உபதேசம் பெற்ற ஆனந்த பரவசர் அப்பொழுதே பேரின்பத்துள் அழுந்தி உடல் நீத்தமையால், பின்னர்ச் சச்சிதானந்த தேசிகர்க்கு உபதேசித்து அவரைத் தமக்குப் பின் அமர்த்தியருளினார். குருஞான சம்பந்தர் குருபூசையும் வைகாசித் திங்களிலேயே நிகழ்தலின், சீகாழிப் பிள்ளையார் திருநாளோடு அதனை மயங்குதல் கூடாது.

இவர் நூல்களுள் சிவபோக சாரம், சொக்கநாத வெண்பா, சொக்கநாதக் கலித்துறை, ஞானப்பிரகாச மாலை, முத்தி நிச்சயம் முதலியன சிறந்தவை.

முத்திநிலையும் முத்தி நிச்சயமும்

இனி, இப்பெயர் வேறுபாட்டை யாம் இத்துணை வற்புறுத்துதற்குக் காரணமாயது இதுவேயாம்.

கண்கட்டி மறைஞான சம்பந்தர் முத்திநிலை என்னும் நூலில் ஆன்மானந்த வாதத்தை நாட்டினார். மலம் நீங்கியவிடத்து உயிர் துய்க்கும் இன்பம் அவ்வுயிர்க்கே இயல்பாயுள்ள இன்பம் என்பது அக்கொள்கையின் சாரம். மறைத்து நின்ற மலம் அகன்றதும் உள்ளிருந்த இன்பம் தானே விளங்கும் என்பது அதன் கருத்து. தருமைக் குருஞான சம்பந்தர் முத்தி நிச்சயம் செய்து இதனை மறுத்தார். உயிர் சார்ந்ததன் வண்ணமாதலை இயல்பாக உடையது, அறிவிக்கவே அறிவது, ஆகலின் இன்பமும் அதற்குச் சிவத்தினின்றே வருதல் வேண்டும், முத்தியில் துய்க்கப்படுவது சிவானந்தமே, துய்ப்பது உயிர் என்பது அவர் துணிபு. பின்னர் வெள்ளியம்பலவாண முனிவர் அந்நூற்குப் பேருரை வரைந்து இத்துணிபை மேலும் விளக்கினார்.

ஒரே நூற்றாண்டில் ஒரே பெயர் தாங்கிய இருவர், முத்தி என்னும் ஒரே பொருள்பற்றி, ஒத்த பெயருடைய இரு நூல்களில் எதிரெதிர் நின்றனர். இவ்விருவரையும் ஒருவராக்கினால், தாம் நாட்டியதனைத் தாமே மறுத்த ஓர் ஆசிரியரைப் படைத்தவராவோம். கண்கட்டியாரையும் மருதூர்க் குரவரையும் ஒருவராக்கினாலோ விளையும் தீங்கு இன்னும் பெரிது. சந்தான குரவர் ஒருவர் ஆன்மானந்த வாதி எனவும், மெய்கண்டார் வழிவந்த தருமை ஆதீன முதல்வர் தம் பரம்பரைக் குரவரையே மறுத்தார் எனவும் முடியும். உமாபதி சிவத்தின் நூல்களைக் கற்றார் எவரும் இம்முடிபை ஒருப்படார். ஆசிரியர் கொள்கையை மாணவர் நூல்வழியே அறிதல் வேண்டும். பிற்காலத்தார் நூலைப் பெயரொற்றுமை ஒன்றே பற்றி அவர் தலைமேற் சுமத்துதல் முறையன்று.

இவ்வாறு கூறுதலால் கண்கட்டி மறைஞான சம்பந்தரை யாம் இழித்துரைத்தேமல்லேம். ஆகமப் பொருளைத் தமிழில் பெருக்கிய அவரது பெருந்தொண்டு என்றும் நிலைபெறுவது. முத்திபற்றிய ஒரு கொள்கையில் வேறுபட்டமையால் சைவசமய நெறியின் சிறப்புக் குன்றாது. அவர்க்கு உரியதனை அவர்க்கே அளித்தலும், அவரது கொள்கையை அவரதென்றே கூறி ஆராய்தலும் தாம் அவர்க்குச் செய்யும் உண்மை வழிபாடு.

இம்மயக்கம் சம்பந்தர் பெயரோடு நிற்பதன்று. தருமை முதல்வர்க்குக் குருவாகிய கமலை ஞானப்பிரகாசர் வேறு. 17-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியினின்று வந்து சித்தியார்க்கு உரை கண்ட ஞானப்பிரகாச முனிவர் வேறு. பின்னவரது கொள்கையைச் சிவசமவாதம் எனச் சிவஞான யோகிகள் மறுத்தார். அம்மறுப்பை அறிந்தார் ஒருவர் பெயரொற்றுமையால் மயங்குவாராயின், அப்பழி தருமையின் குருமுதல்வர் மேற் சென்று சேரும்.

ஆதலின், நூற்பதிப்பிப்போரும், சுவடிப் பட்டியல் வகுப்போரும், குருபூசைப் பத்திரிகை விடுப்போரும் இப்பெயர்களை அடைமொழியின்றி வழங்காதிருத்தல் நன்று. ஆளுடைய பிள்ளையார், மருதூர் மறைஞான சம்பந்தர், கண்கட்டி மறைஞான சம்பந்தர், தருமை குருஞான சம்பந்தர் என ஊரும் நிலையும் தோன்றக் கூறின் ஐயம் எழாது. குருவழிபாடு சைவத்தின் உயிர்நிலை. அவ்வழிபாடு இன்னாரை வழிபடுகின்றோம் என்னும் தெளிவோடு கூடும்போதே நிறைவுறும். நால்வர் திருவடிகளையும் வேறு வேறாக அறிந்து, ஒரு தன்மையாகிய அன்போடு வணங்கி அமைகின்றோம்.